பொன்னுத்தாயியின் பேத்தி

ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் சாயங்காலமானால் என்னை மூன்று விதமாகக் கூப்பிடுவார்கள். குவார்ட்டர்ஸ் மாடியிலிருந்து தெலுங்கு அத்தை, "காஞ்சனா, இட்டு ரா அம்மா" என்பார். பால் கொண்டுவரும் தாத்தா தக்கணி உருதுவில் "கஞ்சன் பேட்டீ" என்பார். ஊர்ப் பெயரையும் அவர் அப்படித்தான் குறுக்கிச் சொல்வார். வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் ஆச்சி மட்டும், "ஏளா பொன்னு!"

பள்ளிக்கூடப் பதிவில் பொன்னு கிடையாது. அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர் பொன்னுத்தாயி. பெயரைச் சுமப்பதால்தான் பேரன், பேத்தி என்கிறோம். முதல் பேத்திக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் மருமகள் மாமியார் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். அம்மா என்னைக் கூப்பிடுவது எப்படி, திட்டுவதுதான் எப்படி? அப்பா வழி கண்டுபிடித்தார். காஞ்சனம் என்றாலும் பொன்தான். குடிவந்த ஊரும் காஞ்சன் பாக், பொன் தோட்டம். ஆச்சியின் பெயர் வேற்றுமொழிச் சேலையைச் சுற்றிக்கொண்டு எனக்கு வந்தது. கனகா, சொர்ணம், ஹேமா என்று எத்தனை வீடுகளில் எத்தனை பொன்னம்மாக்கள் இப்படி ஒளிந்திருக்கிறார்களோ!

மாடி அத்தைக்கு இந்தக் கதை தெரியாது. 'காதலிக்க நேரமில்லை' காஞ்சனாவின் பெயரை வைத்திருக்கிறோம் என்றே நம்பினார். அந்த நடிகையின் இயற்பெயர் வசுந்தரா தேவி. 1964-இல் அந்தப் படத்தோடு வந்த பெயர்தான் காஞ்சனா. தெலுங்கிலும் தமிழிலும் நடித்தவர் என்பதால் அத்தைக்கு அதில் தனிப் பெருமை.

அப்பாவுக்கு வேலை டி.எம்.ஆர்.எல்.லில். பாதுகாப்புத் துறையின் உலோக ஆய்வுக்கூடம். பக்கத்திலேயே ஏவுகணை செய்யும் பாரத் டைனமிக்ஸ்; 1973-இல் தொடங்கிய மிதானி. மிதானி என்பது 'மிஸ்ர தாது நிகம்' என்பதன் சுருக்கம், கலப்பு உலோகக் கழகம். ஊர் முழுக்க உலோகம், ஆனால் யார் வீட்டிலும் வேலையைப் பற்றிப் பேச்சு எழாது. வேலி ஓரத்துப் பாறைகளும், மழை முடிந்ததும் தள்ளுவண்டியில் வரும் சீத்தாப்பழமும்தான் எங்களுக்கு ஊர்.

வெகுகாலம் கழித்துப் பத்திரிகையில் படித்தேன். அர்ஜுன் டாங்கிக்கு அந்த ஆய்வுக்கூடம் செய்த கவசத்துக்குக் 'காஞ்சன்' என்று பெயராம், ஊரின் பெயரால். குண்டு துளைக்காத கவசத்துக்குப் பொன்னின் பெயர்! பொன்னோ வளைந்துகொடுக்கிற உலோகம். அப்பாவுக்குக் கவசத்தில் பங்கு இருந்ததா என்று கேட்டதற்கு, "சாப்பிட்டியாம்மா?" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அப்பா ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலிசெய்தோம். சென்னையில் நான் 'மேடம்'. 2011-இல் 'காஞ்சனா' பேய்ப்படம் வந்தபின், பெயரைச் சொன்னால் சின்னப் பிள்ளைகள் கண்ணை உருட்டிக் காட்டுகிறார்கள். குழந்தைகள்தானே என்று சொல்லிக்கொண்டாலும் மனசு சுருங்கத்தான் செய்கிறது. அந்தப் பெயருக்குள் உட்கார்ந்திருப்பது யாரென்று அவர்களுக்குத் தெரியாது.

ஆச்சி ஊரில் போய்த்தான் கண்ணை மூடினாள். இறப்பைப் பதிய நானும் அம்மாவும் போனோம். இறந்தவர் பெயர் என்று கேட்டார்கள். மாமியார் போன பிறகும் அம்மாவின் வாயில் அது வரவில்லை. என் தோளைத் தொட்டு, "இவ பேருதான் சார்" என்றாள்.

"பொன்னுத்தாயி" என்றேன் நான்.