கேட்க ஆள் வேண்டும்

ஒரு நிறுவனத்துக்குள்ளேயே அறிவுக்கு ஒரு சந்தை நடக்கிறது என்று தாமஸ் டேவன்போர்ட்டும் லாரன்ஸ் புரூசாக்கும் 1998-இல் ஒரு புத்தகத்தில் எழுதினார்கள். விஷயம் தெரிந்தவர் விற்பவர், தெரியாதவர் வாங்குபவர், 'அவர்கிட்ட கேளு' என்று கைகாட்டுபவர் தரகர். அங்கே காசுக்குப் பதிலாக நற்பெயரும் பதிலுதவியும் கைமாறுகின்றன. படித்தபோது நெய்வேலி டீக்கடைகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் ஒரு டீயை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசுவது இந்தச் சந்தையைத்தான்.

அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பில் இருந்தார். நெய்வேலி மண் லேசுப்பட்டதில்லை. பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மணற்பாறை, ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் இயந்திரங்களின் பற்களையே தேய்த்துவிடும். நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரை ராப்பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். இதற்கெல்லாம் மேனுவல் உண்டு. ஆனால், "ரோலர் சத்தம் மாறுச்சுன்னா பேரிங் போகப்போவுதுன்னு அர்த்தம்" என்பார் அப்பா. எப்படி மாறும் என்று எழுதித் தரச் சொன்னால் அவரால் முடியாது. பக்கத்தில் வந்து நின்றால் காட்டிக்கொடுப்பார்.

நான் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். இங்கே யாராவது பேப்பர் போட்டால் கடைசி இரண்டு வாரம் 'கே.டி.' நடக்கும். எட்டு வருட அனுபவத்தை எட்டு மீட்டிங்கில் கறந்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் டீமில் ஒரு சீனியர், தான் எழுதிய ஸ்கிரிப்டை யாருக்கும் காட்டமாட்டார். "சொல்லிக்கொடுத்துட்டா அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை?" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார். அது கஞ்சத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கடன் இருக்கிறவருடைய நியாயமான கணக்கு.

இந்தக் கணக்கைப் புள்ளி கொடுத்து மாற்ற முடியுமா? இன்ஃபோசிஸ் 2001-இல் அதைச் செய்துபார்த்தது. தெரிந்ததை எழுதிப் பொதுக் களஞ்சியத்தில் போட்டால் புள்ளிகள். படித்தவர்களும் மதிப்பிட்டுப் புள்ளி தருவார்கள். சேர்ந்த புள்ளிகளைப் பரிசாக மாற்றிக்கொள்ளலாம். ஆவணங்கள் வந்து குவிந்தன. சரிபார்க்க ஆள் போதவில்லை, நண்பர்கள் நண்பர்களுக்குப் புள்ளியை அள்ளிப்போட்டார்கள், தேடுகிறவருக்கு உருப்படியானது எது என்று தெரியாமல் போனது. அடுத்த ஆண்டே விதிகளை மாற்றி, எழுதியது யாருக்காவது பயன்பட்டதா என்பதற்குக் கூடுதல் எடை கொடுத்தார்கள்.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் கதை இதற்கு நேர்மாறு. அங்கே இயந்திரம் பழுதுபார்ப்பவர்கள் மேனுவலைவிடச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொள்ளும் கதைகளிலிருந்துதான் அதிகம் கற்கிறார்கள் என்பதை ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளர் கண்டார். 1990-களில் அந்தக் குறிப்புகளைத் திரட்ட 'யுரேகா' என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். குறிப்புக்குக் காசு தரலாமா என்ற பேச்சு வந்தபோது, காசு வேண்டாம், குறிப்போடு எங்கள் பேர் இருக்கட்டும் என்றார்கள் தொழிலாளர்கள். சக தொழிலாளி ஒருவர் சோதித்துப் பார்த்த பிறகே குறிப்பு ஏறும். உலகத்தின் இன்னொரு மூலையில் ஒருவர் அதை வைத்து மிஷினைச் சரிசெய்வார். தன் பேரை அவர் வாசிப்பார் என்பதுதான் கூலி.

ஆக, சந்தைக்கு முதலில் வேண்டியது விலை இல்லை, நிஜமான தேவையோடு வந்து கேட்கிற ஆள். நெய்வேலியே அப்படி உண்டான ஊர்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் நீருக்காகத் தோண்டியபோது வந்த கறுப்புப் பொருளை விடாமல் அரசின் காதில் போட்டார். நிறுவனம் வர 1956 ஆனது.

என் சித்தி மகன் கடலூர்ப் பக்கம் ஓர் ஆலையில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். ஏழு வருடமாக அதே பெல்ட், அதே மோட்டார். கான்ட்ராக்டர் மூன்று முறை மாறிவிட்டார், இவன் மாறவில்லை. எந்த வால்வு மழைக்கு முன்னால் இறுகும் என்று அவனுக்குத் தெரியும். போன பொங்கலுக்கு வந்தவனிடம், "இதையெல்லாம் மேல சொல்லலாம்ல?" என்றேன்.

"யாருக்கா கேப்பா? எம்பேரே ரிஜிஸ்டர்ல தப்பாத்தான் இருக்கு."

அவன் பேரைச் சரியாக எழுதுவதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை.