கல்லறைத் தோட்டத்துச் சாவி

ஆச்சி இறந்தது ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை. ஃப்ரீசர் பெட்டி வந்துவிட்டது. மாலை வாங்க ஆள் போயாச்சு. சென்னையில் இருக்கும் அத்தை எந்த ரயிலில் ஏறினாள் என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்போதுதான் பெரியப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"சரி, எங்க அடக்கம் பண்ணப் போறோம்?"

வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. அப்பா மட்டும் எழுந்து வாசலுக்குப் போய், ஏற்கெனவே நேராகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை மறுபடி நேராக்க ஆரம்பித்தார்.

எங்கள் ஊர் திருச்செந்தூர் பக்கம், தேரிக்காட்டு ஓரம். சி.எஸ்.ஐ. கோயில் ஒன்று, ஆர்.சி. கோயில் ஒன்று, ஓலைக் கொட்டகையில் ஆரம்பித்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு வந்திருக்கும் பெந்தெகொஸ்தே சபை ஒன்று. மூன்றையும் சுற்றிவரப் பத்து நிமிஷம் போதும். அம்மா ஆர்.சி. வீட்டில் பிறந்து கல்யாணத்துக்காக சி.எஸ்.ஐ. ஆனவள். அப்பா பிறவி சி.எஸ்.ஐ.; சபை கமிட்டி மெம்பர் வேறு. ஆச்சியும் எழுபது வயசு வரைக்கும் சி.எஸ்.ஐ.தான். தாத்தாவின் கல்லறைக்குப் பக்கத்தில் தனக்கு ஓர் இடம் உண்டு என்ற நிச்சயத்தோடு சங்கக் காணிக்கை கட்டிவந்தவள்.

தாத்தா போன பிறகு அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. ராத்திரி முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். பெந்தெகொஸ்தே சபைப் பெண்கள் நாலைந்து பேர் சாயங்காலம் வந்து அவளோடு உட்கார ஆரம்பித்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில். அவர்கள் சத்தமாக அழுது ஜெபிப்பதைப் பார்த்து எங்களுக்குக் கூச்சமாக இருக்கும். ஆச்சிக்கு இல்லை. ஒருநாள் தாமிரபரணியில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துவிட்டு, ஈரத்தலையோடு வந்து, காதில் கிடந்த கம்மலைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

நான் அப்போது பாளையங்கோட்டையில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். நாலு புத்தகம் படித்த திமிர் இருந்தது. "இத்தன வருஷமா கும்பிட்டது வேற சாமியா ஆச்சி?" என்று கேட்டேன்.

"அதே சாமிதாம்ட்டி. இங்கதான் என்னைய அழ விடுதாவ."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

*

அப்பா நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு மூன்று வருஷம் முன்னால் எங்கள் தெருக் கோடியில் இருக்கும் தையல்காரரின் அம்மா இறந்துபோனாள். அவளும் ஆச்சியைப் போலவே பெந்தெகொஸ்தேக்குப் போனவள். அந்தச் சபைக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. தையல்காரர் சி.எஸ்.ஐ. கமிட்டியிடம் வந்து இடம் கேட்டார். அன்றைக்கே கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது. சபையை விட்டு விலகி மறு ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. ஏழு பேர் கையெழுத்து. அப்பாவின் கையெழுத்து மூன்றாவது. அந்த அம்மாவை ஊருக்கு வெளியே, பொது மயானத்தின் ஓரத்தில், உடைமரங்களுக்கு நடுவே அடக்கம் செய்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான்தான் அப்பாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு ஐயர் வீட்டுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் சி.எஸ்.ஐ. போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். சாதிப் பெயர் இல்லை. ஐயர் புதுசாக மாற்றலாகி வந்தவர், சின்ன வயசு. சங்கடப்பட்டார்.

"எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லீங்க. ஆனா தீர்மானம் ஒண்ணு இருக்காமே. மினிட்ஸ் புக்க எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் ஐயரே," என்றார் அப்பா. "அத எழுதுனதே நாந்தான்."

*

எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில் வெள்ளாளன்விளை இருக்கிறது. வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் பிறந்த ஊர். ஞாயிறு பள்ளியில் அவர் பெயரை மனப்பாடம் செய்திருக்கிறேன்: 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர், தோர்ணக்கல். அவர் என்ன செய்தார் என்பதை ஆச்சி போன பிறகுதான் தேடிப் படித்தேன்.

நம் ஊர் புராட்டஸ்டன்ட் பிரிவுகளில் பலவும் நம்முடைய சண்டையில் பிறந்தவை இல்லை. திருச்சபைக்குப் பேராயர் வேண்டுமா, மூப்பர்கள் போதுமா, ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்திக்கொள்ளலாமா என்று இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் சில நூற்றாண்டுகளுக்கு முன்னால் அடித்துக்கொண்டார்கள். அந்தச் சண்டைகள் கப்பலேறி இங்கே வந்தன. மெஞ்ஞானபுரத்துக்கு சி.எம்.எஸ். வந்தது, நாசரேத்துக்கு எஸ்.பி.ஜி. வந்தது, நாகர்கோவில் பக்கம் எல்.எம்.எஸ்., மதுரைக்கு அமெரிக்கன் மிஷன். நம் பாட்டன் எந்தப் பிரிவு என்பதை அவன் ஊருக்கு முதலில் எந்த மிஷன் வந்தது என்பது தீர்மானித்தது. அவன் எதையும் ஆராய்ந்து தேர்ந்தெடுக்கவில்லை.

1919 மே மாதம், சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய அதே தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இரண்டு பேரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். முன்னின்றவர்களில் அசரியா ஒருவர். அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் சாரம் எளிமையானது: இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, இவை எங்கள்மேல் சுமத்தப்பட்டவை, இவற்றைத் தொடர எங்களுக்கு விருப்பமில்லை.

இதைச் சொல்ல இரண்டு நாள் போதுமாக இருந்தது. செய்து முடிக்க 28 வருஷம் ஆனது. பேச்சு மாட்டிக்கொண்ட இடம் ஒன்றுதான்: யார் கை வைத்தால் ஒருவர் போதகர்? பேராயர் கை வைக்காத போதகரின் கையிலிருந்து நற்கருணை வாங்கலாமா? ஆங்கிலிக்கன்களுக்கு அது பாரம்பரியத்தின் ஆணிவேர். மற்றவர்களுக்கு, தங்கள் போதகர்கள் இத்தனை காலம் செய்த ஊழியமெல்லாம் செல்லாது என்று ஒப்புக்கொள்ளச் சொல்லும் அவமானம். கடைசியில் இரண்டு தரப்பும் விட்டுக்கொடுத்தன. பேராயர் வேண்டாம் என்று இருந்தவர்கள் பேராயரை ஏற்றார்கள். ஆங்கிலிக்கன்கள் மற்ற சபைகளின் போதகர்களை மறுபடி அபிஷேகம் செய்யாமல் அப்படியே ஏற்றார்கள். இனிமேல் வருகிறவர்களுக்கு மட்டும் பேராயர் கை வைப்பார் என்று முடிவானது.

இதை எல்லாரும் கைதட்டி வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். நாம் கொண்டாடும் கவிஞர் டி. எஸ். எலியட் இந்தத் தென்னிந்தியத் திட்டத்தை எதிர்த்து 1943இல் ஒரு சிறுநூலே எழுதினார். ஒன்று சேர்கிறோம் என்ற பெயரில் திருச்சபையையே அழிக்கிறார்கள் என்பது அவர் வாதம். நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்களில் ஒரு பகுதியினர் சேர மறுத்துத் தனியாகவே நின்றார்கள். அசரியா 1945 ஜனவரி 1 அன்று காலமானார். 1947 செப்டம்பர் 27 அன்று, நாடு சுதந்திரம் அடைந்து ஆறு வாரம் கழித்து, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

ஒற்றுமை என்ற சொல்லை நான் சின்ன வயசிலிருந்தே பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்தவள். இயேசு பிடிபட்ட ராத்திரி, அதற்குச் சற்று முன்னால், தன்னை நம்புகிறவர்கள் எல்லாரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஜெபித்ததை யோவான் 17ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்துச் சொல்வார்கள். கேட்க இதமாக இருக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் மூன்று கோயில் பாடகர் குழுவும் ஒரே மேடையில் ஏறிப் பாடுவதும் இதமாகத்தான் இருக்கும். அதில் யாருக்கும் எதுவும் குறைவதில்லை. 1947இல் கையெழுத்துப் போட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று குறைந்தது. தன்னுடையது என்று பிடித்திருந்த ஒன்றைக் கீழே வைத்துவிட்டுத்தான் அந்த மேசையிலிருந்து எழுந்தார்கள்.

அவர்கள் தொடாமல் விட்டதும் உண்டு. அந்த மேசையில் மரபுகளுக்கெல்லாம் நாற்காலி இருந்தது. சாதி தனியாக உட்காரத் தேவையில்லாமல் எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தது. கத்தோலிக்கர்களும் விலக்கில்லை. எங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்து வடக்கன்குளத்தில் ஒரே பீடத்துக்கு முன்னால் இரண்டு சாதிக்கும் தனித்தனிக் கூடம் வைத்துக் கோயில் கட்டினார்கள். நடுச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. கோயிலுக்குள் சுவர் விழுந்தபிறகும் தமிழ்நாட்டின் பல கல்லறைத் தோட்டங்களில் அது நின்றுகொண்டிருக்கிறது. உயிரோடு இருப்பவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைப்பதைவிடச் செத்தவர்களைப் பக்கத்தில் படுக்க வைப்பது நமக்குக் கஷ்டமாக இருக்கிறது.

*

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு கமிட்டி செக்ரட்டரி கல்லறைத் தோட்டத்துச் சாவியோடு வீட்டுக்கு வந்தார். சில நிபந்தனைகள். கோயில் மணி அடிக்கமாட்டார்கள். ஐயர் அங்கி போட்டு வரமாட்டார். சும்மா வந்து நிற்கலாம். தாத்தாவுக்குப் பக்கத்தில் முடியாது, கிழக்கு மூலையில் மதிலோரமாகத் தோண்டிக்கொள்ளலாம்.

"வேற யாருன்னாலும் முடியாது அண்ணாச்சி. உங்களுக்காகத்தான்," என்றார் செக்ரட்டரி. நல்ல மனசோடுதான் சொன்னார். அப்பா அந்தச் சாவியை வாங்கும்போது அடி வாங்கினவர் மாதிரி இருந்தார்.

சாயங்காலம் பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் வீட்டு முற்றத்தில் ஜெபம். ஒரு பக்கம் அம்மா வழி ஆர்.சி. சித்திமார்கள், கையில் ஜெபமாலை. ஒரு பக்கம் எங்கள் சி.எஸ்.ஐ. கூட்டம். ஆச்சியின் தலைமாட்டில் வெள்ளைச் சேலையில் பெந்தெகொஸ்தேப் பெண்கள். யாரோ கர்த்தர் கற்றுத்தந்த ஜெபத்தை ஆரம்பித்தார்கள். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் நாங்கள் ‘பிதா’ என்றபோது சித்திமார்கள் ‘தந்தை’ என்றார்கள். நாங்கள் ‘ராஜ்யம்’ என்றபோது அங்கே ‘ஆட்சி’. எங்களுக்கு ‘ஆகாரம்’, அவர்களுக்கு ‘உணவு’. இருதரப்பு அறிஞர்களும் சேர்ந்து உழைத்து 1995இல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வந்தது. கத்தோலிக்கர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் பழைய வேதாகமத்தை விடவில்லை. ஜெபத்தின் கடைசிப் பகுதி வந்தபோது சித்திமார்கள் அவர்கள் வழக்கப்படி நிறுத்திவிட்டார்கள். நாங்கள் மிச்சத்தைச் சொல்லி முடிக்கும் வரைக்கும் தலைகுனிந்து காத்திருந்தார்கள். பிறகு எல்லாரும் ஒன்றாக ஆமென் சொன்னோம்.

சொல் முன்பின்னாக இருந்ததில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு நினைவிருப்பது அந்தக் காத்திருப்புதான்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போது தையல்காரரைப் பார்த்தேன். வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். அப்பா கூட்டத்தை விட்டு விலகி அவரிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

"உள்ள வாங்க," என்றார் அப்பா.

"இருக்கட்டும் சார். ஆச்சிக்கு எடம் கெடச்சதுல சந்தோஷம்." கொஞ்ச நேரம் கழித்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "எங்க அம்மாவுக்கும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தையல்காரர் உள்ளே வந்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் போய்விட்டார்.

*

இதற்கு மறுபக்கம் இல்லாமல் இல்லை. கமிட்டிக்காரர்கள் கெட்டவர்கள் கிடையாது. தோட்டத்தில் இடம் குறைவு. பரம்பரையாகக் காணிக்கை கட்டி மதில் எழுப்பியவர்கள் அவர்கள். குழந்தையில் தங்கள் கோயிலில் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லித்தானே ஒருவர் மறுபடி முழுகுகிறார், அப்புறம் எங்கள் மண் மட்டும் செல்லுமா என்று அவர்கள் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. பெந்தெகொஸ்தேப் பாஸ்டரும் இறங்கி வந்தவரில்லை. அடக்கத்தன்றுகூட, ஆச்சி ‘பேர் கிறிஸ்தவர்களின்’ நடுவிலிருந்து வெளியே வந்தவள் என்று எங்கள் முகத்துக்கு முன்னாலேயே பிரசங்கம் செய்தார்.

இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால்தான் யாராவது ஒருவர் தன் நியாயத்தைக் கீழே வைக்க வேண்டியிருக்கிறது. என் நியாயம் எனக்கு, உன் நியாயம் உனக்கு என்று இருந்தால் நடுவில் பிணம்தான் கிடக்கும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அப்பா அந்தத் தீர்மானத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேட்டார். தன் அம்மாவைப் புதைத்துவிட்டு வந்து நியாயம் பேசுகிறார் என்றார்கள். அதில் பொய் இல்லை என்பதால் அவரால் பதில் பேச முடியவில்லை. ஆனாலும் கேட்பதை விடவில்லை. ஆறு வருஷமாகிறது. விஷயம் ‘பரிசீலனையில்’ இருப்பதாக மினிட்ஸ் புக்கில் எழுதியிருக்கிறது. 28 வருஷக் கணக்கைச் சொல்லி நான் கேலி செய்தால், "இன்னும் இருவத்திரண்டு இருக்குல்லா," என்பார்.

போன கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் சி.எஸ்.ஐ.யில் அது வழக்கமில்லை. அம்மா மட்டும் பிறந்த வீட்டுப் பழக்கத்தை விடாமல் நவம்பர் 2 அன்று மெழுகுவத்தி வாங்கி வைப்பாள். தாத்தாவுக்கு ஒன்று, மதிலோரம் ஆச்சிக்கு ஒன்று என்று ஏற்றிவிட்டு வெளியே வந்தோம். அப்பா வீட்டுப் பக்கம் திரும்பாமல் உடைமரக் காட்டுப் பக்கம் நடந்தார். தையல்காரர் அம்மாவின் மேட்டில் ஒரு கல்கூட இல்லை. இடம் கண்டுபிடிக்கவே நேரமானது. காற்றில் மெழுகுவத்தி நிற்காமல் அணைந்துகொண்டே இருந்தது.

திரும்பி வரும்போது அப்பா சொன்னார். "அந்தத் தீர்மானம் எடுபடுறதுக்கு முன்னால எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, என்னையும் இங்கயே போட்டுருங்க. சாவி கேட்டு யாரு வீட்டு வாசல்லயும் போய் நிக்காதீங்க."

நான் அப்படியே நின்றுவிட்டேன். அம்மா நிற்கவில்லை. சேலையில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாள்:

"பேசாம அந்தக் கையெழுத்த அன்னைக்கே போடாம இருந்திருக்கலாம். இப்ப நான் எந்தப் பக்கம் போறது?"