சிறுத்தையும் லயனும் ஒரே மலையில்

கொழும்பில் எங்கட ஆக்களுக்கு நுவரெலியா என்றால் ஏப்ரல் மாதம். சீசன், குதிரைப் பந்தயம், கிரகரி வாவியில் படகு, ஜக்கெட் போட்டுக்கொண்டு நாலு செல்ஃபி. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வான் பிடித்துப் போகிற குடும்பங்கள் இரண்டு நாளில் திரும்பிவிடும். கலைப்பீடத்தில் படிக்கிற நாங்கள் நாலு பேர் 2023 விடுமுறையில் நானுஓயாவையும் தாண்டி, பட்டிப்பொல வரைக்கும் ரயிலில் போனோம். இலங்கையில் மிக உயரத்தில் இருக்கிற ரயில் நிலையம் அது. கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,900 மீட்டர்.

அங்கிருந்து மேலே ஏறினால் ஹோர்ட்டன் சமவெளி. 2,100 மீட்டருக்கு மேலே விரிந்து கிடக்கிற புல்வெளி, அதைச் சுற்றிப் பாசி பிடித்த குள்ள மரங்களின் மேகக்காடு. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தண்ணீர் கொடுக்கிற இடம். கொழும்பில் நாங்கள் பைப்பைத் திறந்து குடிக்கிற களனித் தண்ணீரிலும் இந்த மேகத்துக்குப் பங்கிருக்கிறது. காலைப் பனிக்குள் மரைகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. ஒருகாலத்தில் யானையும் இருந்ததாம். 19ஆம் நூற்றாண்டு வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் நிறையச் சுட்டார்கள். அழிந்துபோனது என்று நினைத்திருந்த தேவாங்கு இனமொன்று இந்தக் காட்டில் உயிரோடு படம்பிடிக்கப்பட்ட செய்தி 2010ல் வந்தது. அதே வருடம்தான் மத்திய மலைநாட்டுக் காடுகளை யுனெஸ்கோ உலக மரபுரிமையாக்கியது.

இந்தக் காடு மிச்சம். மற்றதெல்லாம் முதலில் கோப்பிக்காகவும், கோப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலைக்காகவும் வெட்டப்பட்டது. வெட்டியது தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்ட சனம். மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அந்த வருகையின் 200 வருட நினைவாக, நாங்கள் போன 2023ல்தான் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. 1948ல் பறிக்கப்பட்ட குடியுரிமைப் பிரச்சினை சட்டப்படி முடிய 2003 ஆனது. 2012 குடிசன மதிப்பீட்டில் நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் இந்தச் சனம்தான்.

காடு சுருங்கினாலும் சிறுத்தை போகவில்லை. மலை உச்சியிலும் ஓடைக் கரையிலும் மிஞ்சிய காட்டுத் துண்டுகளில் தங்கி, ஒரு துண்டிலிருந்து மற்றதுக்குத் தேயிலைக்குள்ளால் போகிறது. கொழுந்து எடுக்கிற அக்காவிடம் பயமில்லையா என்று கேட்டோம். "அது பாட்டுக்குப் போகும் தம்பி. நாய்தான் காணாமப் போகும். எங்களுக்குக் குளவிதான் பெரிய பயம்" என்றார். தோட்டத்தில் தேயிலைக்கே 'மலை' என்றுதான் பெயர். வேலைக்குப் போறது என்றால் 'மலைக்குப் போறது'. சிறுத்தையின் பாதையும் அந்த அக்காவின் வேலைத்தளமும் ஒன்றே.

2020 மே மாதம் நல்லதண்ணியில் தோட்டமொன்றில் கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்குக் கம்பியில் சிக்கியது. அபூர்வமான மிருகம். உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுத்தும் சில நாளில் செத்துப்போனது. இப்படிக் கம்பி வைப்பது பெரும்பாலும் பன்றிக்கு. லயனுக்குப் பின்னால் இருக்கிற மரக்கறிப் பாத்தியைப் பன்றி ஒரு இரவில் கிளறிவிட்டால், நாட்கூலி வீட்டுக்கு அது பெரிய நட்டம். இறைச்சிக்காக வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சிறுத்தை செத்தால் கொழும்பில் முகப்புத்தகம் முழுக்கத் தோட்டச் சனத்துக்குத் திட்டு விழுகிறது. கம்பி வைப்பதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த மலையை ஒவ்வொரு நாளும் நடந்து பார்க்கிறவர்கள் அவர்கள் மட்டும்தான். எந்த ஓடையில் சிறுத்தை தண்ணி குடிக்கும், எந்தக் காட்டோரம் புதுக் கம்பி கட்டியிருக்கு என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பாத்திக்கு ஒழுங்கான வேலி, பயிர் போனால் இழப்பீடு, சொந்தக் காணி, இவை எதையும் கதைக்காமல் சிறுத்தையை மட்டும் காப்பாற்ற ஏலாது. காடு காக்கிற வேலையிலும் தோட்டத்துப் பிள்ளைகளைச் சம்பளத்தோடு எடுக்கலாம்.

'தூரப் பிரதேசம்' என்று சொல்கிறோம். கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடையில் எங்களுக்குப் பிளேன்டீ கொண்டுவந்து வைக்கிற தம்பிகளில் பாதிப்பேர் அந்தப் பக்கத்து ஆக்கள். தீபாவளிக்கு ஒருக்கா ஊருக்குப் போவார்கள். அடுத்த முறை ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். சிறுத்தைக் கதை ஒன்றாவது அவர்களிடம் இருக்கும்.