பதினொரு மாடியும் நெல்லியடி பஸ்ஸும்

வங்கி, காப்புறுதி, லீசிங், உரமும் கிருமிநாசினியும் விற்கிற கொம்பனிகள். எல்லோருக்கும் வடமராட்சியின் நெல்லியடியில் ஒரு கிளையோ முகவரோ உண்டு. ஆனால் முகவர் கூட்டம், விருது வழங்கல், புதுப்பொருள் அறிமுகம் எல்லாம் யாழ் நகரத்தில்தான், அதுவும் இப்போது உயர்ந்த மாடிக் கட்டடம் பார்த்து. நெல்லியடிச் சந்தியிலிருந்து அது முப்பது கிலோமீற்றருக்குக் கிட்ட.

புல்லுக்குளத்தடியில், யாழ் பொது நூலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது அப்படியொரு கட்டடம், பண்பாட்டு மையம். 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். இந்திய அரசின் கொடை. 600 பேருக்கு மேல் இருக்கக்கூடிய அரங்கு, 11 மாடிக் கோபுரம், அருங்காட்சியகம். 2022 மார்ச் 28இல் காணொளி வழியாகத் திறப்பு. 2023 பெப்ரவரி 11இல் கையளிப்பு. 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயரை வைத்தபோது ஊர்ப்பெயர் விடுபட்டது. எதிர்ப்பு வந்த பிறகு ‘யாழ்ப்பாணம்’ திரும்பச் சேர்ந்தது.

மையத்தைக் காணொளியில் திறந்த அதே வாரம் நாடு முழுவதும் 13 மணிநேர மின்வெட்டு. உயர்ந்த கட்டடத்தில் மண்டபம் எடுக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மின்சாரம் நின்றால் லிப்ற் நிற்கும், தண்ணீர் மேலே ஏறாது, குளிரூட்டி ஓயும். “ஜெனரேற்றர் இருக்கோ?” என்று கேட்டால் போதாது. அது எதையெல்லாம் இயக்கும் என்று கேட்க வேண்டும். விளக்கையும் மைக்கையும் மட்டும் தாங்கினால், முழங்கால் வருத்தக்காரர் எப்படி இறங்குவார்? 1990க்குப் பிறகு ஆண்டுக்கணக்காக மின்சாரமே இல்லாமல் இருந்த குடாநாடு இது. நமக்கு இந்தக் கேள்வி தானாகவே வர வேண்டும்.

லிப்ற் கணக்கு. 13 பேர் ஏறக்கூடிய ஒன்றுதான் இருக்கிறதென்றால், 200 பேரை மேலே சேர்க்க 16 தடவை. போய்வர இரண்டரை நிமிடம் பிடித்தால் 40 நிமிடம். பத்து மணிக் கூட்டத்துக்கு ஒன்பதேகாலுக்கே வாசலில் ஆள் நின்று அனுப்ப வேண்டும். நிறைகுடமும் குத்துவிளக்கும் கீழ்வாசலில் வைத்தால் அங்கேயே நெரிசல். மேலே, மண்டப வாசலில் வையுங்கள்.

திறந்த மொட்டைமாடியில் சோளகம் வீசும் மாதங்களில் பனர் கட்டாதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை காற்று மைக்கையும் விழுங்கும். வாடை தொடங்கினால் மழை.

இனிச் சாப்பாடு. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், வெள்ளிக்கிழமைகளிலும், கந்தசஷ்டியிலும் எத்தனையோ வீடுகளில் மச்சம் இல்லை. கொழும்பில் இருந்து உணவுப் பட்டியலை அனுப்புகிறவர்களுக்கு இது தெரியாது. சைவத்தையும் மச்சத்தையும் ஒரே மேசையில் வைத்து, ஒரே அகப்பையை இரண்டுக்கும் போட்டால் பாதிப்பேர் தேத்தண்ணியோடு எழும்பிவிடுவார்கள். தனி மேசை, தனிப் பாத்திரம், தனிப் பரிமாறுகிற ஆள். பெரிய செலவு ஒன்றுமில்லை.

அடுத்தது பேச்சு. திரையில் ஆங்கிலம், மேடையில் சிங்களமோ ஆங்கிலமோ, கதிரையில் தமிழர். வெங்காயச் செய்கைக்காரரோடு நாள் முழுக்க நின்று கதைத்து, எந்த மண்ணுக்கு எந்த உரம் என்று சொல்லி விற்கிறவர் நெல்லியடிக் கடைக்காரர். கொம்பனிக்கு வேண்டிய அறிவு அவரிடம் இருக்கிறது. மேடையில் விருதை வாங்கிப் படத்துக்கு நின்றுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அவர் இறங்கிப் போகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை. தமிழ் 1987இல் இருந்து அரசகரும மொழி. தலைமை அலுவலகத்தார் பேசட்டும், பக்கத்தில் நல்ல மொழிபெயர்ப்பாளர் நிற்கட்டும். அதைவிட, கடைக்காரருக்குப் பத்து நிமிடம் கொடுக்கட்டும்.

ஐம்பது பேர்க் கூட்டத்துக்குக் கோபுரம் எதற்கு? நெல்லியடியைச் சுற்றியே நல்ல கல்யாண மண்டபங்கள் இருக்கின்றன. கரவெட்டி, பருத்தித்துறை, உடுப்பிட்டி ஆட்களுக்கு அதுதான் கிட்ட. குடாநாடு முழுதும் கூடும் நாளுக்குப் பெரிய அரங்கு வேண்டும்தான், மறுக்கவில்லை.

ஆனால் நேரம்! ஆறு மணிக்குத் தொடங்கி, விருந்து ஒன்பதுக்கு என்றால் வடமராட்சிக்கு எப்படித் திரும்புவது? இருட்டினால் பஸ் குறைந்துவிடும். கிளையில் வேலைசெய்யும் பெண் பிள்ளைகள் ஏழு மணிக்கே கைத்தொலைபேசியைப் பார்த்தபடி இருப்பார்கள். வீட்டில் இருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கும். விருந்து பரிமாற முன்னமே அவர்கள் போய்விடுகிறார்கள். கடைசிவரை இருப்பவர்கள் ஹொட்டேலில் அறை எடுத்தவர்கள்தான். அந்த விழா யாருக்காக நடந்தது?

கொம்பனிக்காரர்களிடம் கேட்பது இவ்வளவுதான். காலை பத்துக்குத் தொடங்குங்கள், மத்தியானச் சாப்பாட்டோடு மூன்று மணிக்கு முடியுங்கள். மாலை விழாதான் வேண்டுமென்றால், மண்டபச் செலவோடு ஹயஸ் வானுக்கும் காசு ஒதுக்கி, அது நெல்லியடிச் சந்திக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும் என்பதை அழைப்பிதழிலேயே அச்சடியுங்கள்.