மரத்தடிப் புல்

பெட்டாலிங் ஜெயாவில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில், மரத்தடியில் அகல இலைப் புல் படர்ந்திருக்கிறது. தாத்தா வந்திருந்தபோது குனிந்து ஒரு பிடி கிள்ளிப் பார்த்தார். “இது நெழல்ல வர்ற புல்லுடா. மாடு நல்லா திங்கும்.”

1952இல் எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தின் மேல்தான் இந்த ஊரே எழத் தொடங்கியது. தாத்தா பால்மரம் வெட்டியது வேறு தோட்டம். வேலை முடிந்ததும் ஆறு மாடு மேய்ப்பார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. கன்று நட்ட ஐந்தாறு வருடத்தில் மட்டைகள் கூடி வெயிலை மறைத்துவிடும், புல் மெலியும். நிழல் புல் இருக்கிற சத்தை இலைக்கே செலவழிக்கும், வேருக்கு அதிகம் மிஞ்சாது. ஒட்ட மேய்ந்தால் எழும்பாது. அதனால்தான் தாத்தா நிரைக்கு நிரை மாற்றிக் கட்டினார். இன்று மின்வேலி போட்டுச் செய்யும் சுழற்சி மேய்ச்சலும் அதேதான்.

பிறகு மாடுகளை வெளியேற்றச் சொல்லிவிட்டார்கள். கடைசி இரண்டை விற்ற காசில்தான் என் முதல் செமஸ்டர் கட்டணம். அம்மா சொல்லித்தான் தெரியும். தாத்தா சொன்னதே இல்லை.

போன வாரம் புல்வெட்டும் மெஷினோடு ஆள் வந்தார்.

“அந்த மரத்தடிய மட்டும் விட்டுருங்கண்ணே.”

“ஏன் தம்பி?”

சொல்லத் தெரியவில்லை.