தூளியும் ஷிப்டும்

பிள்ளை பெற்றவளைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் பால் இருக்கிறதா என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி, "ராத்திரி தூங்குறாளா?" இல்லை என்றால் உடனே வைத்தியம். வேப்பந்தட்டை பக்கம் என் அம்மா வீட்டில் வசம்பைச் சுட்டு உரைக்கச் சொன்னார்கள். அரியலூரில் மாமியார் வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா கிரைப் வாட்டர் பாட்டிலோடு வந்தார். "நீ தூங்குறியா?" என்று இரண்டு மாவட்டத்திலும் ஒருவரும் கேட்கவில்லை.

என் கணவருக்கு சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. இரவு வேலை முடிந்து காலையில் வந்து படுத்தால் வீடே அடங்கிவிடும். மிக்ஸி ஓடாது, டிவி ஓடாது. பாப்பா சிணுங்கினால் நான் அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட வேண்டும். (வாசலில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சத்தத்தில் அவள் நன்றாகத் தூங்கினாள் என்பது வேறு விஷயம்.) தூங்காமல் போய் ஒருவர் இயந்திரத்தின் பக்கம் நிற்கக் கூடாது, நியாயம்தான். இரவெல்லாம் விழித்த நான் கொதிக்கிற உலைக்குப் பக்கத்தில் நின்றது யார் கண்ணிலும் படவில்லை.

பாப்பா தூங்காமலும் இல்லை. பிறந்த முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். ஆனால் குழந்தை அதைத் துண்டு துண்டாகத்தான் தூங்கும். வயிறு சிறியது, தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடும். இரவு, பகல் என்ற கணக்கு உடம்பில் படியவே இரண்டு மூன்று மாதம் ஆகும். பகலில் வெளிச்சத்திலும் வீட்டுச் சத்தத்திலும் இருக்கவிட்டு, இரவில் விளக்கைத் தணித்து, கொஞ்சாமல் பேசாமல் பால் கொடுத்துப் படுக்கவைத்தால் அந்தக் கணக்குக்குக் கொஞ்சம் உதவும். வசம்பு வேண்டாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர எதுவுமே வேண்டாம்.

அதற்கு மேல் குழந்தையைத் தூங்கவைக்க அவசரப்படுவது யாருடைய வேலைக்காக என்று பார்க்க வேண்டும். 1920களில் பம்பாய் மில்களுக்குப் போன பெண்கள் கைக்குழந்தைக்கு அபின் உருண்டை கொடுத்துவிட்டுப் போனார்கள். மில்லுக்குச் சங்கு ஊதும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

எங்கள் ஊரில் அபின் இல்லை, தூளி இருந்தது. தை மாசியில் அம்மா பருத்தி எடுக்கப் போகும்போது வேப்பமரத்தில் பழைய சேலையைக் கட்டி என்னைப் போடுவார். நான் மத்தியானம்வரை எழவே மாட்டேனாம், இன்றும் பெருமையாகச் சொல்வார். தூளியை ஆட்டியது பெரியக்கா. அவளுக்கு எட்டு வயது. பருத்தி முடிகிறவரை அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

2017-ல் திருத்திய மகப்பேறு சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. பருத்திக்காட்டில் ஐம்பது பேருக்கு எங்கே போவது? 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் கொஞ்சம் கீழே இறங்கி வந்து பார்த்தது. வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகள் ஐந்து பேர் வந்தால், பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்துக் கூலி தர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

பெரியக்காவிடம் இதைச் சொன்னேன்.

"தூளி ஆட்டுறதுக்கா? எவ்ளோ கூலி?"

"மண்ணு வெட்டுறவங்களுக்கு என்னவோ அதேதான்க்கா."

அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். எனக்கு ஒரு பருத்தி, தம்பிக்கு ஒரு பருத்தி.