தாத்தாவோட ஷேவிங் செட்டும் அரை லிட்டர் பச்சைத் தண்ணியும்

உங்க வீட்டு பீரோவுக்கு மேல ஒரு பழைய டிரங்குப் பெட்டி இருக்கா? இருந்தா, இதைப் படிச்சு முடிச்சதும் ஒரு தடவை திறந்து பாருங்க. தென்காசியில எங்க வீட்டுப் பெட்டிக்குள்ள ஒரு தகர சோப்பு டப்பா இருந்துச்சு. அதுக்குள்ள தாத்தாவோட ஷேவிங் செட்டு.

தாத்தா பஸ் டிரைவர். விடிகாலை முதல் டிரிப் அவருக்குத்தான். நாலு மணிக்கு எழுந்து, கிணத்தடியில கண்ணாடியை மாட்டி, சவரம் பண்ணிட்டுத்தான் டூட்டிக்குப் போவார். லீவு நாள்னா அந்த சோப்பு டப்பாவை சைக்கிள்ல வச்சுக்கிட்டு குற்றாலம் பேரருவிக்கு. கூட்டம் வர்றதுக்கு முன்னாடி அங்கேயே சவரம், அங்கேயே குளியல். இதெல்லாம் ஆச்சி சொல்லிக் கேட்டது. நான் பார்த்த தாத்தா வேற. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பக்கவாதம் வந்து வலது கை விழுந்துடுச்சு. பேச்சும் ரெண்டு மூணு வார்த்தையோட சரி. வாரத்துக்கு ஒரு நாள் சலூன்காரர் வீட்டுக்கு வந்து சவரம் பண்ணிட்டுப் போவார். மத்த ஆறு நாளும் வெள்ளைத் தாடியைத் தடவிக்கிட்டே உட்கார்ந்திருப்பார். தினமும் மழிச்ச முகத்தோட இருந்த மனுஷன். அது அவருக்கு எவ்வளவு சங்கடம்னு பார்த்தாலே தெரியும்.

போன செமஸ்டர் லீவுல ஊருக்குப் போனப்போ நல்ல சாரல். அப்பதான் அந்த டப்பா கையில கிடைச்சுது. பழைய செட்டைப் புதுசு மாதிரி ஆக்கி, அதாலேயே தாத்தாவுக்கு நானே சவரம் பண்ணி விடணும்னு தோணிச்சு.

இது எப்படிப்பட்ட பொருள்னு முதல்ல சொல்லிடறேன். மூணு துண்டு: மேல் மூடி, அடித்தட்டு, கைப்பிடி. நடுவுல ரெண்டு பக்கமும் கூரான பிளேடு. அமெரிக்காவுல கிங் கேம்ப் ஜில்லெட் 1904 நவம்பர்ல பேட்டன்ட் வாங்கின ரேசரோட வாரிசு. 1903-ல, விற்பனைக்கு வந்த முதல் வருஷம், மொத்தமே 51 ரேசர்தான் போச்சாம். அப்புறம் உலகம் முழுக்கப் பரவிடுச்சு. நம்ம வீடுகள்ல இருக்கிற பழைய செட்டுகள்ல நிறைய உள்ளே பித்தளை, மேலே நிக்கல் முலாம். முலாம்ங்கறது சில மைக்ரான் கனம்தான். ஐம்பது வருஷம் கை பட்டா தேஞ்சு பித்தளை வெளியே வரும். அதுக்கு மேல சாரல் ஈரம் சேர்ந்தா பச்சையா களிம்பு ஏறும். தாத்தாவோட செட்டும் அப்படித்தான் இருந்துச்சு. தலைக்கு அடியில ‘மேட் இன் இங்கிலாந்து’ங்கற எழுத்து மட்டும் பாதி தெரிஞ்சுது.

நாம எல்லாரும் முதல் வருஷம் கெமிஸ்ட்ரியில எலக்ட்ரோபிளேட்டிங் படிச்சவங்கதானே? ‘எதை முலாம் பூசணுமோ அது கேத்தோடு, பூசற உலோகம் ஆனோடு, நடுவுல அந்த உலோகத்தோட உப்புக் கரைசல்.’ மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியாச்சு. அந்தத் தைரியத்துல இறங்கினேன். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ச்சேன், பழைய மோடத்தோட 12 வோல்ட் அடாப்டரை மாட்டினேன். அஞ்சு நிமிஷத்துல கேத்தோடுல நுரை மாதிரி குமிழி. வெளியே எடுத்தா, அடுப்புக்கரி பூசின மாதிரி கறுப்பு. துணியால துடைச்சா மாவா வருது. ஓரத்துல பளபளன்னு பிடிச்சிருந்த கொஞ்சத்தை நகத்தால கீறினா, வெங்காயத் தோல் மாதிரி உரிஞ்சு வந்துடுச்சு.

திண்ணையில உட்கார்ந்து இதைப் பார்த்துக்கிட்டிருந்த ஆச்சி கேட்டாங்க: “ஏல, பாத்திரத்துக்கு ஈயம் பூசுத மாதிரிதானல இதுவும்? களிம்பை எடுக்காம பூசுனா நிக்குமா?”

யோசிச்சுப் பாருங்க. ஈயம் பூசறவர் தெருவுக்கு வந்தா என்ன செய்வார்? பித்தளைப் பாத்திரத்தை முதல்ல நல்லாத் தேய்ப்பார். கரி அடுப்புல சூடாக்கி நவச்சாரப் பொடியைத் தூவுவார். அது மேல இருக்கிற ஆக்சைடைத் தின்னுடும். அதுக்கப்புறம் ஈயத்தைத் தொட்டு துணியால ஒரு இழுப்பு. பூசற வேலை ஒரு நிமிஷம், மத்ததெல்லாம் சுத்தம் பண்ற வேலை. சிலபஸ்ல ஒரு வரியில தாண்டிப் போற விஷயம் ஆச்சிக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு.

ரெண்டாவது தடவை வரிசையாச் செஞ்சேன். நீங்களும் செய்யறதா இருந்தா இந்த வரிசையைக் கவனிங்க.

முதல்ல, உள்ளே என்ன உலோகம்னு உறுதி பண்ணிக்கணும். கண்ணுக்குத் தெரியாத இடத்துல அரத்தால லேசா ஒரு கீறல். மஞ்சளா இருந்தா பித்தளை. சாம்பல் நிறமா இருந்தா துத்தநாகக் கலவையோ அலுமினியமோ. அதை விட்டுடுங்க. அமிலம் அதை அரிச்சுடும், முலாமும் நேரடியாப் பிடிக்காது.

அடுத்து களிம்பு. ஆச்சி சொன்னபடி புளி போட்டு விளக்கினேன். புளியில இருக்கிற டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைச்சுடும். மிச்சம் ஒட்டிக்கிட்டிருந்த பழைய நிக்கலை நைஸ் எமரித் தாளால முழுசா எடுத்தேன். நிக்கல் மேல நிக்கல் பூசினா நல்லாப் பிடிக்கும்னுதான் நானும் நினைச்சேன். பழைய நிக்கல் மேல ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும், புது முலாம் அதுல நிக்காது. எனக்கு உரிஞ்சு வந்தது அதனாலயும்தான். அப்புறம் பாலிஷ். பாலிஷ்ல எண்ணெய்ப் பசை இருக்கும், அதை எடுக்க பாத்திர சோப்பு, சலவை சோடா. கடைசியா ஒரு பரிசோதனை: தண்ணியில முக்கி எடுத்தா, தண்ணி ஒரே படலமா நிக்கணும். முத்து முத்தாத் திரண்டா எண்ணெய் இன்னும் இருக்குன்னு அர்த்தம். எனக்கு நாலாவது தடவைதான் தேறிச்சு. அதுக்கப்புறம் வெறும் விரல் படவே கூடாது.

இப்போ நிக்கல். பேட்டரி வெல்டிங்குக்குன்னு ஆன்லைன்ல விக்கிற பட்டை வாங்கலாம். ஆனா அதுல பாதி, இரும்புப் பட்டை மேல நிக்கல் பூசினது. காந்தம் வச்சுக் கண்டுபிடிக்கலாம்னா முடியாது, நிக்கலும் காந்தத்துல ஒட்டும். அரத்தால கீறி, உப்புத் தண்ணியில ஒரு ராத்திரி போட்டு வைங்க. துரு ஏறினா இரும்பு. ஆச்சி பழைய ஒரு ரூபாய்க் காசை நீட்டினாங்க. அந்தக் காலத்துக் காசு நிஜமாவே நிக்கல்தான். ஆனா காசை அழிக்கிறது 2011 நாணயச் சட்டப்படி குற்றம். திருப்பிக் கொடுத்துட்டேன்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பூனை ஆனோடா வச்சுப் பார்க்கலாம்னு தோணும், அதுலயும் நிக்கல் இருக்கே! வேண்டவே வேண்டாம். அதுல குரோமியமும் இருக்கு. கரைசல்ல ஹெக்ஸாவேலண்ட் குரோமியம் வரலாம், அது புற்றுநோய் உண்டாக்கற விஷம். ராணிப்பேட்டையில மூடிக் கிடக்கிற ஒரு ஆலையோட குரோமியக் கழிவு நிலத்தடித் தண்ணியை என்ன பண்ணிச்சுன்னு தேடிப் படிச்சுப் பாருங்க.

கரைசலுக்கு அரை லிட்டர் வெள்ளை வினிகர், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை அள்ளிப் போட்டா குளோரின் வரலாம். ரெண்டு நிக்கல் பட்டையை முக்கி, குறைஞ்ச வோல்டேஜ்ல சில மணி நேரம் விட்டா, தண்ணி மெல்ல மெல்ல பச்சையாகும். அதுதான் நிக்கல் அசிடேட். மொட்டை மாடியில, கையுறை, கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் இதையெல்லாம் செய்யணும். ஹைட்ரஜன் வெளிவரும், பக்கத்துல நெருப்பு கூடாது.

இப்போ கணக்கு. ரேசர் தலையோட ரெண்டு துண்டும் சேர்ந்து பரப்பு சுமார் 42 சதுர செ.மீ. 5 மைக்ரான் கனம் வேணும்னா, நிக்கலோட அடர்த்தி 8.9-ஐ வச்சுப் பெருக்கினா 0.19 கிராம். சில அரிசிமணி எடைதான்! ஃபாரடே விதியில போட்டா சுமார் 615 கூலும். 0.2 ஆம்பியர்ல விட்டா 51 நிமிஷம். வீட்டுக் கரைசல்ல மின்சாரம் முழுசும் நிக்கலாகாது, அதனால ஒன்றரை மணி நேரம் விட்டேன். அடாப்டரைத் தூக்கிப் போட்டுட்டு ரெண்டு டார்ச் பேட்டரி, ஒரு ரெஸிஸ்டர், ஒரு மல்டிமீட்டர். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை துண்டைத் திருப்பி வச்சேன். மின்சாரம் ஓரத்துக்குத்தான் அதிகம் பாயும், பள்ளத்துக்குக் கம்மி.

இந்தத் துறைக்குன்னே நம்ம மாநிலத்துல ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கு தெரியுமா? காரைக்குடியில சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல திறந்தது. அங்கே பி.டெக். கூட இருக்கு. என் மொட்டை மாடி ஆய்வகத்தை அவங்க பார்த்தா சிரிப்பாங்க. ஆனா தலை ரெண்டு துண்டும் வெளியே வந்தப்போ, லேசா மஞ்சள் கலந்த வெள்ளி நிறத்துல, நகத்தால கீறினாலும் வரல. கீழே ஓடிப் போய் ஆச்சிகிட்ட காட்டினேன். “கவரிங் நகை மாதிரி இருக்குல” அப்படின்னாங்க. அதைப் பாராட்டாத்தான் எடுத்துக்கிட்டேன்.

மிச்சம் கைப்பிடி. எமரித் தாளோட அதை எடுக்கப் போனப்போ, அது தாத்தா கையில இருந்துச்சு. இடது கையில. வாங்கப் பார்த்தேன், விடல. இன்னொரு தடவை இழுத்தேன். இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, “ம்ஹும்” அப்படின்னார்.

அப்புறம்தான் கைப்பிடியைச் சரியாப் பார்த்தேன். வழுக்காம இருக்க அதுல சொரசொரப்பா சின்னச் சின்னக் கட்டம் வெட்டியிருப்பாங்க இல்லையா, அது ஒரு இடத்துல மட்டும் சுத்தமா மழுங்கி, வழவழன்னு லேசாக் குழிஞ்சிருந்துச்சு. கட்டைவிரல் உட்கார்ற இடம். தாத்தா அந்தக் குழியில இடது கட்டைவிரலை வச்சுத் தடவிக்கிட்டே இருந்தார். முலாமுக்குத் தயார் பண்றேன்னு நான் அதைச் சுத்தித் தேய்ச்சு சமமாக்கியிருப்பேன். முலாம் போனா திரும்பப் பூசலாம், நான் ரெண்டு தடவை பூசினேனே. அந்தக் குழியைத் தேய்ச்சு எடுத்துட்டா யார் திரும்ப உண்டாக்கறது? எமரித் தாளைக் கீழே வச்சுட்டேன். கைப்பிடியைப் புளியும் சோப்பும் போட்டுக் கழுவினதோட சரி. இப்போ அந்த செட்டு தலை வெள்ளி, உடம்பு பித்தளைன்னு ரெண்டு நிறமா இருக்கு.

கதை இன்னும் முடியல. மாடியில அரை லிட்டர் பச்சைத் தண்ணி மிச்சம். எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு வாய்க்கால் ஓடுது. உண்மையைச் சொல்றேன், பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டு அது வரைக்கும் போயிட்டேன். அந்த வாய்க்கால் சிற்றாறுல சேருது. குற்றாலத்துல நாம தலையை நீட்டி நிக்கிற தண்ணிதான் சிற்றாறு. தென்காசியைத் தாண்டி, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில கலக்குது. அருவியில சோப்பு, ஷாம்பு கூடாதுன்னு தடை போட்டிருக்கிற ஊர்ல, நான் நிக்கலைக் கொட்டப் போயிருக்கேன். அரை லிட்டர்தானேன்னு தோணும். எனக்கும் தோணிச்சு. ஆனா அது மீனுக்கும் ஆகாது, மண்ணுக்கும் ஆகாது.

திரும்பி வந்து, பச்சைத் தண்ணியில சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டேன். முதல்ல நுரைக்கும், அமிலம் அடங்கும். அப்புறம் வெளிர் பச்சையா மாவு மாதிரி அடியில படியும். அது நிக்கல் கார்பனேட். அதை வடிகட்டி, காயவிடாம ஈரமாவே ஒரு பாட்டில்ல மூடி வச்சேன். காஞ்சா பொடி பறக்கும், நிக்கல் பொடி நுரையீரலுக்குள்ள போகக் கூடாது. தெளிஞ்ச தண்ணியையும் கொட்டல. ரெண்டு பாட்டிலையும் நம்ம காலேஜ் கெமிஸ்ட்ரி லேப்ல, கழிவு சேர்க்கிற இடத்துல கொண்டாந்து கொடுத்துட்டேன். பஸ்ல மடியில வச்சுக்கிட்டு வந்தப்போ பக்கத்து சீட்டு அண்ணன், “தம்பி, அது என்ன, நாட்டு மருந்தா?”ன்னு கேட்டார்.

நான் கிளம்பறதுக்கு முன்னாடி நாள் காலையில தாத்தாவுக்கு சவரம் பண்ணி விட்டேன். நிக்கல் சிலருக்குத் தோல்ல அரிக்கும். வாட்ச் ஸ்டிராப் பட்டுத் தடிக்கிறவங்க வீட்டுல முலாம் வேலையே வேண்டாம். தாத்தாவுக்கு அந்தத் தொந்தரவு இருந்ததில்ல. முடங்கின பக்கம் கன்னம் தொங்கியிருக்கும், உள்ளே காத்தை அடக்கி உப்பவும் முடியாது. நான் ஒரு கையால தோலை இழுத்துப் பிடிச்சு, மறு கையால ரேசரைப் பிடிச்சேன். பயத்துல அழுத்திட்டேன் போல. தாத்தா இடது கையை மெல்லத் தூக்கி, என் விரலைப் பிடிச்சு, கட்டைவிரலை அந்தக் குழியில நகர்த்தி வச்சார். ரேசர் தானாவே சரியான சாய்வுல வந்து நின்னுச்சு. அழுத்தவே தேவைப்படல, அதோட எடையே போதுமா இருந்துச்சு.

முடிஞ்சதும் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். தாடைக்கு அடியில ஒரு இடத்தைக் காட்டி, “இங்க” அப்படின்னார். அங்கே கொஞ்சம் விட்டிருந்தேன்.

இப்போ மாசத்துக்கு ரெண்டு சனி ஞாயிறு ஊருக்குப் போறேன். மத்த நாள்ல அப்பா பழகிட்டிருக்கார். உங்க வீட்டுப் பெட்டியிலயும் இப்படி ஏதாவது கிடைச்சா, எமரித் தாளை எடுக்கறதுக்கு முன்னாடி அதை வச்சிருந்தவங்க கையில ஒரு தடவை கொடுத்துப் பாருங்க.